எட்டாவது ஊர்

கிளிமூரில் கையெழுத்து இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று விஷாலினி எதிர்பார்க்கவில்லை. முதல் சனிக்கிழமை மட்டும் பத்தொன்பது பேர் போட்டுக் கொடுத்தார்கள்.

கிளன்மோர் தோட்டம் என்பது துருப்பிடித்த பெயர்ப் பலகையில் இருப்பது. சனங்கள் வாயில் அது கிளிமூராகி மூன்று தலைமுறை ஆகிறது. கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகிற சாலையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு நடுவே அறுபத்திரண்டு தரைவீடுகள். தோட்டத்தை விற்றபோது லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்குக் கட்டிக் கொடுத்தவை.

விஷாலினி புக்கிட் பெருந்துங்கில் இருந்து அம்மாவின் பழைய கஞ்சில் காரை ஓட்டிக்கொண்டு வருவாள். பல்கலைக்கழகத்தில் உளவியல், கடைசி ஆண்டு. நாலு பேர் முன்னால் நின்றால் அவளுடைய குரல் தொண்டைக்குக் கீழே இறங்கிவிடும். வகுப்பில் அவள் பேசியதை முன்வரிசைக்காரர்கள்கூட ஸ்லைடைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள்.

இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் முதலில் எடுத்தது அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி. தங்கள் இனத்துப் பிள்ளைகள் தெருவில் அடிபட்டும் சுடப்பட்டும் சாகிற காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற சனங்களின் மனம் என்னவாகிறது என்று நாற்பது கட்டுரைகள் படித்தாள். தூக்கம் போகிறது. வெளியே போன பிள்ளை வீடு திரும்பும்வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் விரல் போய்த் தொடுகிறது. படிக்கப் படிக்க அவளுக்குத் தன் வீட்டு வாட்சாப் குழு நினைவுக்கு வந்தது. காலை வணக்கத்துக்கும் சாமி படத்துக்கும் நடுவே யாராவது ஒரு தமிழ்ப் பையன் தரையில் கிடப்பான்.

வழிகாட்டி டாக்டர் நோரைனி கட்டுரைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, "அவங்களப் பத்தி அவங்க எழுதியாச்சு. உன் ஆளுங்களப் பத்தி யார் எழுதப் போறா?" என்று கேட்டார். விஷாலினி தலையை ஆட்டினாள். அப்படித்தான் கிளிமூர் வந்தது.

அவள் பட்டியலில் ஆறு காணொளிகள் இருந்தன. யாருக்கும் போட்டுக் காட்டப் போவதில்லை. வார்த்தையில் விவரித்து, பார்த்ததுண்டா, எத்தனை தடவை, பிறகு எப்படி இருந்தது என்று கேட்பதோடு சரி. ஆறாவது, ரவாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் எடுத்தது. நாற்பத்தேழு விநாடி. அதில் அடிபடுகிற புனிதன் கிளிமூர்ப் பையன். ரவாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன். யாரையோ தேடி வந்த நாலு பேர் ஆள் மாறி அவனை அடித்தார்கள். மூன்று வருடம் ஆகிவிட்டது.

கிளிமூரில் அவளுக்கு வாயாக இருந்தது புஷ்பா. கோயில் மண்டபத்தில் நடக்கிற தாடிக்கா என்கிற பாலர்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிறவர். ஊமையைக்கூடப் பேச வைத்துவிடுவார் என்று பேர். விஷாலினி தகவல் தாளை எடுத்து, "இந்த ஆய்வின் நோக்கம்..." என்று ஆரம்பித்ததும் கையமர்த்திவிட்டார்.

"நீ சும்மா இரு பாப்பா. நீ இப்படிப் படிச்சா பொழுது சாஞ்சிரும். நான் பேசிக்கறேன்."

அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டார். "அக்கா, யுனிவர்சிட்டிலேருந்து புள்ள வந்திருக்கு. நம்ம புனிதன் வீடியோ விஷயமா. ஒரு கையெழுத்து போட்டு, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க."

புனிதன் வீடியோ விஷயமா. அந்த வார்த்தை விஷாலினியின் காதில் விழுந்தது. பொய் என்று சொல்ல முடியாது. ஆறில் ஒன்று அதுதானே. திருத்த வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் பேனாவை வாங்கிவிட்டார்கள்.

பழைய லோரி டிரைவர் தங்கராஜு கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. "எங்க போடணும் காட்டு. எங்க கைக்கு இது என்ன புதுசா? பள்ளிக்கூடத்த மூடாதேன்னு ஒண்ணு. கோயில ஒடைக்காதேன்னு ஒண்ணு. வீடு கட்டிக் குடுன்னு எட்டு. தண்ணி வரலன்னு நாலு. தெரு வெளக்கு... அது ரெண்டு எலெக்ஷன் ஓடுச்சு."

"வெளக்கு வந்துச்சா அங்கிள்?"

"வந்துச்சு லா. கம்பம் மட்டும். பல்புக்கு வேற கையெழுத்து." அவரே சிரித்துக்கொண்டார். பிறகு கேட்டார், "இத மேல எப்ப அனுப்புவே?"

"மூணு வாரத்துல அங்கிள்."

"யாருக்குப் போவுது?"

"டாக்டர் நோரைனிக்கு."

"டாக்டரா! அப்ப சரி."

சிலர் அடையாளக் கார்டின் நகலையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று அவள் திருப்பித் தந்தபோது, "வச்சுக்கம்மா, அப்புறம் கேப்பாங்க" என்றார்கள். ஒரு வயசாளி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இதெல்லாம் ஏன் என்று அவள் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். அறுபது பேர் வேண்டும், மூன்று வாரம்தான் இருக்கிறது, கதவெல்லாம் தானே திறக்கிறது. கூச்சம் உள்ளவர்களுக்குத் திறந்த கதவு பெரிய விஷயம்.

"பதினேழாம் நம்பர் வீட்டுக்கு மட்டும் வேணாம். அது புனிதனோட அம்மா வீடு," என்று புஷ்பா முதல் நாளே சொல்லியிருந்தார். விஷாலினிக்கு அது நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, நாற்பது முடிந்த கையோடு, பதினேழாம் நம்பர் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே கண்மணி நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. தலைக்குக் குளித்து ஈரம் உலரவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத புடவை. தோட்டத்து நர்சரியில் செம்பனைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்புகிறவர். நகக்கண்ணில் மட்டும் மண் போகாமல் இருந்தது.

"எல்லாரும் போட்டுட்டாங்களாம். பெத்தவ நான் போட வேணாமாம்மா?"

புஷ்பா தரையைப் பார்த்தார். விஷாலினி பின்னாலேயே போனாள்.

உள்ளே சுவரில் புனிதனின் படம். கழுத்தில் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் அட்டை தொங்க, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். விஷாலினி அவனை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவளுக்குத் தெரிந்த புனிதனுக்கு முகம் தெளிவில்லை.

"நான் அதப் பாத்தது இல்ல," என்றார் கண்மணி. "பாக்க மாட்டேன். போலீசு ரெண்டு பேரப் புடிச்சது அத வச்சித்தான். அதுக்கு வேண்டியிருந்துச்சு, சரி. இப்ப எதுக்கு? எங்கயாச்சும் ஒரு அடிதடின்னா அதத் தூக்கிப் போட்டுடறானுங்க. நேத்து கிள்ளான்ல நடந்துச்சுன்னு போடுறான். அடுத்த மாசம் ஈப்போங்கறான். அப்புறம் சிரம்பான். கேங் சண்டையாம், இந்தப் பையன் கேங்ஸ்டராம். ரவாங்கோட சேத்து எம்மவன் இது வரைக்கும் ஏழு ஊர்ல செத்திருக்கான்."

"யாரு ஆன்ட்டி உங்களுக்குச் சொல்றது?" விஷாலினியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கண்மணிக்குக் கேட்டது.

"யாரும் சொல்ல மாட்டாங்க. நல்ல சனங்க. கொழம்பு வரும்."

"கொழம்பா?"

"வீடியோ சுத்துன அன்னிக்கு பக்கத்து வீட்டுலேருந்து மீன் கொழம்பு வரும். எதிர் வீட்டுலேருந்து சாம்பாரு. இந்தா புஷ்பாகூட கோழி வச்சுக் கொண்டாரும். என்ன விசேஷம்னு கேட்டா சும்மா அக்கா, நெறய வச்சிட்டேன்னும். மூணு பாத்திரம் வந்துச்சுன்னா தெரிஞ்சிக்குவேன், எம்புள்ள திரும்பச் செத்துட்டான்னு."

புஷ்பா வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

கண்மணி கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்தையும் வரைவது போல, மெதுவாக, கட்டம் தாண்டாமல். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். புனிதனின் இறப்புச் சான்றிதழ் நகல், போலீஸ் ரிப்போர்ட் நகல், ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். எல்லாம் ஓரம் பார்த்து அடுக்கி, பின் அடித்திருந்தது.

"இதையும் சேத்து வச்சு அனுப்பும்மா. பாத்தா அவங்களுக்கே மனசு எறங்கும். அப்புறம் வீடியோவ எடுத்துருவாங்க இல்ல?"

அப்போதுதான் விஷாலினிக்கு எல்லாம் விளங்கியது. பத்தொன்பது பேர், கார்டு நகல்கள், மாற்றிய சட்டை, மேல யாருக்குப் போவுது. இந்த ஊருக்கு வெளியாள் ஒருவர் காகிதத்தோடு வந்தால் அது மனு. வேறு எதற்கும் யாரும் இங்கே காகிதத்தோடு வந்ததில்லை. நாற்பது பேரும் புனிதனின் காணொளியை எடுக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சொல்ல வேண்டிய நேரம் அது. வாய் திறந்தது. கண்மணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க ஆன்ட்டி," என்றாள் விஷாலினி. ஃபைலை வாங்கிக்கொண்டாள்.

காருக்கு வந்து, ஃபைலைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வழி முழுக்க இரண்டு பக்கமும் செம்பனை. புக்கிட் தாகார் தாண்டும்போது இருக்கையிலிருந்து ஃபைல் சரிந்து கீழே விழுந்தது. நிறுத்தி எடுத்து வைத்துவிட்டு ஓட்டினாள்.

அன்று சாயங்காலம் மடிக்கணினியைத் திறந்து ஆறாவது காணொளியின் குறிப்பைப் படித்தாள். அவளே எழுதியது. காணொளியைப் பதினொரு தடவை ஓட விட்டு, விநாடி கணக்கில் குறித்திருந்தாள். "00:12 முதல் தாக்குதல். 00:31 இலக்கு நபர் கையை உயர்த்துகிறார். 00:40 அசைவு இல்லை." பதினொரு தடவையும் அவள் கண் கலங்கவில்லை. நல்ல ஆய்வாளருக்கு அது ஒரு தகுதி என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் நோரைனிக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"அவங்க எதுக்குன்னு நெனச்சு கையெழுத்து போட்டாங்க?"

"வீடியோவ எடுக்கறதுக்கு."

"அப்ப உங்கிட்ட நாப்பத்தொண்ணு இல்ல விஷாலினி. ஒண்ணுகூட இல்ல. போய்ச் சொல்லிடு. சொன்ன பெறகும் சம்மதம்னு சொல்றவங்க பேர மட்டும் வச்சுக்க."

பதில்கள் உண்மைதானே, என்று அவளுக்குத் தோன்றியது. தூக்கம் வரவில்லை என்று சொன்ன எவரும் பொய் சொல்லவில்லை. மகன் மோட்டாரில் போனால் திரும்பும்வரை சோறு இறங்காது என்ற அம்மா பொய் சொல்லவில்லை. நோரைனிக்கு ஃபோன் பண்ணாமலே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அறிக்கை அழகாக வந்திருக்கும். கண்மணி மட்டும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பார். வீடு கேட்டு எட்டுத் தடவை காத்திருந்த ஊர். இன்னும் ஒன்றுக்குக் காத்திருக்கத் தெரியாதா.

அடுத்த சனிக்கிழமை அவள் நேராகத் தாடிக்காவுக்குப் போனாள். புஷ்பா சின்ன நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் பாப்பா சொன்னேன். மொத வீட்டுலயே அந்த அக்கா கேட்டுச்சு, வீடியோவ எடுக்கறதுக்கான்னு. ஆமான்னுட்டேன். அப்படித்தான்னு நானும் நெனச்சேன். உன் பேப்பர்ல பாதிப்பக் கொறைக்கன்னு ஏதோ போட்டிருந்துச்சே."

"அது எல்லாப் பேப்பர்லயும் போடறது டீச்சர்."

"போடறதுன்னா?"

விஷாலினி பதினேழாம் நம்பர் வீட்டுப் பக்கம் போகத் திரும்பினாள்.

"சொல்லாத," என்றார் புஷ்பா. "நான் சொல்றதக் கேளு. இந்த ஒரு வாரமா கண்மணியக்கா நல்லா சாப்பிடுது. வெள்ளிக்கெழம கோயிலுக்கு வந்துச்சு. மூணு வருஷத்துல மொதத் தடவ. பூசாரியே பாத்துட்டு நின்னுட்டாரு. அது வாயால சிரிச்சுச்சு பாப்பா. இப்பப் போயி சொல்லி என்னத்தக் கிழிக்கப் போற? மெதுவா மறந்துரும்."

"மறந்துருவாங்களா டீச்சர்?"

புஷ்பா எழுந்து இன்னொரு நாற்காலியை அடுக்கினார். "மறக்காது," என்றார்.

இரண்டு பேரும்தான் போனார்கள். கண்மணி தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். விஷாலினியைப் பார்த்ததும் அடுப்பைக்கூட மறந்து முன்னால் வந்தார். "என்னம்மா, அதுக்குள்ள பதில் வந்துருச்சா?"

விஷாலினி நின்றபடியே சொன்னாள். வழியில் மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. அது மனு இல்லை, அவள் பரீட்சைக்கு எழுதுகிற ஆய்வு, யாரிடமும் போய் எதையும் எடுக்காது, தெரிந்த பிறகும் சரிங்க என்று சொன்னது தன் தப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் கீழே இறங்கவில்லை. உரக்கக் கேட்டது. அவளுக்கே பயமாக இருந்தது.

கண்மணி திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார். அங்கேயே நின்றார்.

"அப்ப அது போவாது."

"போகாது ஆன்ட்டி."

"யாராலயும் முடியாதா? பெரிய ஆளுங்க யாராச்சும்?"

"நெட்டுல இருந்த நாலு எடத்துல நான் புகார் குடுத்தேன். ஒண்ணு எடுத்துட்டாங்க. ஆனா ஃபோனுக்கு ஃபோன் போறது... ஒவ்வொருத்தரும் அவங்களா அழிச்சாத்தான். எத்தன பேர்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்கும்மா வீடு வீடா வந்து கேட்ட?"

"அதப் பாத்து எத்தன பேருக்கு மனசு கெட்டுப் போயிருக்குன்னு தெரிஞ்சுக்க."

"தெரிஞ்சு?"

அந்தக் கேள்விக்கு அவள் படித்த நாற்பது கட்டுரையிலும் கடைசிப் பத்தியில் ஒரு பதில் இருந்தது. மேலும் ஆய்வுகள் தேவை. அதை அவள் சொல்லவில்லை. மாறாக, எங்கிருந்து ஆரம்பித்தாள் என்பதைச் சொன்னாள். அமெரிக்காவில் கறுப்பு சனங்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளையும் இப்படித் தெருவில் வைத்து, அதையும் யாராவது ஃபோனில் எடுத்து, ஊர் உலகமெல்லாம் பார்த்து. முதலில் அவர்களைப் பற்றித்தான் படித்தேன், ஆன்ட்டி.

கண்மணி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளைங்க வீடியோவயாச்சும் எடுத்தாங்களா?"

"இல்ல. இன்னும் சுத்துது. சில அம்மாங்க அவங்களே எல்லாரும் பாக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. பாக்கலேன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு."

"நம்புன பெறகு?"

வெளியே யாரோ மோட்டாரை உதைத்து எழுப்பினார்கள். சத்தம் தெருமுனையில் தேய்ந்து போனது.

"அந்த அம்மாங்களுக்கும் பக்கத்துல யாராச்சும் கொழம்பு குடுப்பாங்களா இருக்கும்," என்றார் கண்மணி. பிறகு நிமிர்ந்து பார்த்தார். "உங்கிட்ட இருக்கா அது?"

"இருக்கு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தன தடவ?"

"பதினொண்ணு."

கண்மணியின் உதடு அசைந்தது. என்ன கேட்கப் போகிறார் என்று விஷாலினிக்குத் தெரிந்தது. அந்த முப்பத்தோராவது விநாடியைப் பற்றித்தான் கேட்பார். அவன் யாரையாவது கூப்பிட்டானா, அம்மா என்றானா. காணொளியில் கடைப் பாட்டும் கூச்சலும்தான் இருக்கின்றன. அவன் குரல் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் கண்மணி அதைக் கேட்கவில்லை.

"எடுத்துரு," என்றார். "என் கண்ணு முன்னாடி."

ஃபோனில் இருந்ததை அழித்தாள். பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, அதில் இருந்ததையும் அழித்தாள். குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்து அங்கேயும் அழித்தாள். கண்மணி திரையைப் பார்க்காமல் அவள் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு," என்றார்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. சொல்றேன்."

"சொல்லு. ரெண்டு."

வாசற்படியில் நின்ற புஷ்பா உள்ளே வந்தார். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துக் குனிந்து வெகுநேரம் தேடினார். மூக்குக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் சொட்டியது. "எதுக்கு வச்சிருந்தேன்னே தெரியலக்கா," என்றார். "யாராச்சும் தப்பாப் பேசுனா, இல்ல, இவன் திருப்பி அடிக்கல பாரு, நல்ல பையன்னு காட்டலாம்னு வச்சிருந்தேன்."

"மூணு," என்றார் கண்மணி.

கையெழுத்துப் போட்ட தாளை விஷாலினி ஃபைலோடு சேர்த்து மேசையில் வைத்தாள். கண்மணி தாளை மட்டும் தனியே எடுத்து நாலாக மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகினார். "இதுல என் பேரு வேணாம்மா. கோவம் இல்ல. வேணாம்."

அந்த நாள் முழுக்க விஷாலினி மற்ற வீடுகளுக்குப் போனாள். இந்தத் தடவை அவளே பேசினாள். சிலர் திட்டினார்கள். சிலர் தாளை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். தங்கராஜு மட்டும் சிரித்தார். "அடப் பாவமே, இதுவும் போச்சா. சரி, என் பேரு கெடக்கட்டும் லா பாப்பா, ஒரு பரீட்சையாவது பாஸாகட்டும்." வீடியோவை அழித்துவிடுங்கள் அங்கிள் என்று அவள் கேட்டபோது அவர் சிரிப்பு நின்றது. "அழிச்சேன். ரெண்டு தடவ அழிச்சேன். மருமகன் அனுப்பறான், மச்சான் அனுப்பறான். மழத் தண்ணிய வாளியில மொண்டு ஊத்தற கத."

நாற்பத்தொன்றில் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். ஆய்வைச் சுருக்கி, சிறிய மாதிரி என்று குறிப்பிட்டு, காலத்துக்குள் கொடுத்தாள். சுமாரான மதிப்பெண் வந்தது. டாக்டர் நோரைனி தன்னிடமிருந்த நகலை அழித்துவிட்டதாகத் தனியே ஒரு செய்தி அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டுக் குழுவில் ஒரு காணொளி வந்து விழுந்தது. அனுப்பியது பெரியப்பா. "நேற்று சுங்கை பஞ்சாங்கில். கேங்ஸ்டர் சண்டை. பிள்ளைகளைக் கண்டித்து வளருங்கள்." கீழே கைகூப்பிய படம் மூன்று. திறக்காமலே அவளுக்குத் தெரிந்தது. சிறிய கட்டத்தில், கடை விளக்கின் கீழே, மங்கலாகப் புனிதனின் நீலச் சட்டை.

அந்தக் குழுவில் அவள் இதுவரை பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர எதுவும் எழுதியதில்லை. எழுதினாள். "இது பழசு. மூன்று வருடத்துக்கு முன்னால் ரவாங்கில் நடந்தது. அவர் கேங்ஸ்டர் இல்லை. பெயர் புனிதன். தயவுசெய்து அழித்துவிடுங்கள்."

பெரியப்பா கட்டைவிரல் படம் போட்டார். காணொளியை எடுக்கவில்லை. அத்தை ஒருவர், "ஐயோ பாவம்," என்று எழுதினார். பிறகு யாரோ மாங்காய் ஊறுகாய் செய்முறை அனுப்பினார்கள்.

"ஏன்டி பெரியவங்க பேச்சுல மூக்க நுழைக்கற?" என்றார் அம்மா சமையலறையிலிருந்து.

"கார் சாவி குடும்மா."

"எங்க? சாப்பிட்டுப் போ. கோழி வச்சிருக்கேன், வேணும்னா போற எடத்துக்கும் கொஞ்சம்..."

"வேணாம்மா. ஒண்ணும் குடுக்காத."

வெறுங்கையோடு போனாள். கிளிமூர் வெயிலில் அடங்கிக் கிடந்தது. கம்பிக் கதவு தாழிடாமல் இருந்தது. கண்மணி சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் மூடி போட்ட பாத்திரங்கள் நாலு. அதில் ஒன்றின் மூடியை மட்டும் திறந்து, தொடாமல் வைத்திருந்தார்.

விஷாலினியின் கைகளைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

"நீ ஒண்ணும் கொண்டாரலையே?"

"இல்ல ஆன்ட்டி."

"நல்லது. உக்காரு." அவர் எழுந்து இரண்டு தட்டு எடுத்து வந்தார். சோறு போட்டார். மீன் குழம்பை ஊற்றினார். "இந்தத் தடவ எந்த ஊராம்?"

சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அது அவள் முன்பு செய்த தப்பு.

"சுங்கை பஞ்சாங்."

கண்மணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். சுவரில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது சபாக் பெர்ணம் பக்கம். வயக்காடு," என்றார். "அங்கெல்லாம் அவன் போனதே இல்லியே."

பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடும்மா. நாலு வீட்டுக் கொழம்பு. நான் ஒருத்தி என்ன பண்றது."